பெயர் சொன்னால் நிற்கிற விக்கல்

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், உப்பளங்கள் முடிந்து கன்டெய்னர் முற்றங்கள் தொடங்குகிற இடத்தில், முத்துமாலை சரக்கு நிலையத்தின் மென்பொருள் எப்போது படுக்கப்போனாலும் அது முதலில் அதைப் பார்த்துக்கொள்கிற ஜெனோவாவின் தொண்டையில்தான் தெரியும். விக்கல் வரும். ஒரு விக்கல், ஒரு மூச்சு, மறுபடி ஒரு விக்கல் என்று அவசரமே இல்லாமல், உள்ளே ஆள் இருப்பது தெரிந்து கதவைத் தட்டுகிறவரைப்போல வரும். அவள் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மென்பொருளின் ஏழு பாகங்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுவாள்: வாசல், எடை, சுங்கம், கிடங்கு, கிரேன், ரசீது, கணக்கு. எந்தப் பெயரில் விக்கல் நிற்கிறதோ அந்தப் பாகம் இன்னும் சற்று நேரத்தில் விழும். விழுவதற்குள் அவள் போய்த் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

யாராவது நினைத்தால் விக்கும் என்பதும், நினைக்கிறவரின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்பதும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் ஊர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மனிதர்கள் நினைத்தால் விக்கிறபோது, ராப்பகலாக இவளையே நம்பிக் கிடக்கிற ஒன்று நினைத்தால் விக்காதா என்று எதிர்ச்சாரி டீக்கடை சம்முவத்தாய் கேட்டாள்; அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முதல்முறை வந்தபோது ஜெனோவா மணப்பாட்டு அக்காள் பேரைச் சொன்னாள், கூடப் படித்தவர்கள் பேரைச் சொன்னாள், கடலில் இருக்கும் கணவன் பேரைச் சொன்னாள், எதற்கும் நிற்காமல் போகவே, சலிப்பில் எதிரே திரையில் முதலில் கண்ணில் பட்ட வார்த்தையான ‘வாசல்’ என்பதைச் சொன்னாள். நின்றது. திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வாசலில் லாரி எண்களைப் படிக்கிற பாகம் அப்படியே உறைந்து, தடுப்புக்கட்டை பாதி உயரத்தில் நின்று, லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உப்பளம் வரைக்கும் சேர்ந்துவிட்டன.

நிலையத்தில் முறையான கண்காணிப்புச் சேவை ஒன்றும் அப்போது இருந்தது. மென்பொருள் தும்மினால்கூட எல்லோருடைய போனுக்கும் அது எச்சரிக்கை அனுப்பும், ஒன்றுமில்லாதபோதும் அனுப்பும், அனுப்பியதைப் பார்த்தாயா என்று கேட்டு அதற்கும் ஒன்று அனுப்பும். ஆகவே யாரும் பார்ப்பதில்லை. ஜெனோவாவின் விக்கலோ ஒருநாளும் பொய்த்ததில்லை, அதுவும் பழுதுக்கு முன்னாலேயே வந்தது. மேலாளர் குணசிங் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தச் சேவையை நிறுத்தச் சொல்லி எழுதிப்போட்டார். தலைமேல் கருப்பட்டிப் பானை இருக்கையில் சீனிக்கு எதற்குக் கடைக்கு அலைய வேண்டும் என்று அவர் முதலாளியிடம் சொன்னதாகப் பேச்சு.

அதற்குப்பிறகு அவளுடைய தொண்டை அவளுடையதாக இருக்கவில்லை. காரம் தின்றால் வெறும் விக்கல் வரும், வெறும் விக்கல் வந்தால் நிலையம் வீணாகப் பதறும் என்பதால் அவளுக்குக் காரம் கொடுக்கக் கூடாது என்றானது. சம்முவத்தாய் அவளுக்கென்று மிளகாய் கிள்ளிப்போடாத சட்டினி தனிக் கிண்ணத்தில் அரைத்து வைத்தாள். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறுகிற பையன்கள் காரக்குழம்போடு அவள் இலையைத் தாண்டிப் போனார்கள். அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டு யாரும் திடுக்கிட வைப்பதில்லை, ஏனென்றால் திடுக்கிட்டால் விக்கல் நின்றுபோகும், நின்றுபோனால் எந்தப் பாகம் என்று தெரியாது. மாதா கோயிலில் பூசையின் நடுவே விக்கல் எடுத்தால் பாட்டுக்காரர்கள் தாங்களே குரலைத் தணித்து, அவள் ஏழு பெயரையும் முணுமுணுத்து எழுந்து போகிறவரைக்கும் இழுத்துப் பாடினார்கள். பக்கத்து நிலையத்து ஆட்கள் இரண்டு தடவை தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்து, தங்கள் மென்பொருளையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப்பார்த்தார்கள்.

லாரிக்காரர்கள் அதற்கென்று ஒரு ஏற்பாடே செய்துகொண்டார்கள். வாசலில் முதலாவதாக நிற்கிறவன் அவளுடைய சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் நெஞ்சில் கை வைத்தால் ஒரு நீண்ட ஹாரன் அடிப்பான். அடுத்தவன் வாங்கி அடிப்பான். அப்படியே உப்பளம் வரைக்கும் போகும். எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணையும். லாரிக்கு அடியில் தூளி கட்டுவார்கள், அடுப்பு மூட்டுவார்கள். விளாத்திகுளத்துக்காரன் எசக்கிமுத்து என்றொரு ஓட்டுநர் இருந்தான், வாரத்தில் பாதிநாள் அந்த வரிசையில்தான் கிடப்பான். அவன் அவளுடைய விக்கலின் இடைவெளியை வைத்தே, இன்றைக்குச் சோறு வைக்கிற நேரம் இருக்கிறதா, காப்பி மட்டும்தானா என்று சொல்லிவிடுவான். அவள் ஏழு பெயரைச் சொல்லும்போது கீழேயிருந்து ஒவ்வொரு பெயருக்கும் கோயிலில் மன்றாட்டு மாலை சொல்வதுபோல ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்லி அடுத்தவர்களைச் சிரிக்கவைப்பதும் அவன்தான். ஜெனோவாவுக்கும் ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது.

பிறகு வரவில்லை. உடம்பு அலுத்துப்போகிற அலுப்பு தூங்கினால் போகும்; இது அப்படிப் போகிற அலுப்பாக இல்லை. தன்னை நினைப்பதற்கு உலகத்தில் ஏதோ ஒன்று எந்நேரமும் இருக்கிறது, ஆனால் அது விழப்போகும்போது மட்டும்தான் நினைக்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் தொண்டையால் தெரிந்துகொள்கிற அலுப்பு அது. நன்றாக ஓடுகிற நாளில் எந்தப் பாகமும் அவளை நினைத்ததில்லை. சரியாக ஓடுவது என்பதே அவளை மறந்திருப்பதுதான்.

அவள் கணவன் பிலவேந்திரன் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில், பெரிய கப்பல்களைக் கரைக்கு இழுத்து வருகிற இழுவைப் படகில் வேலை பார்த்தான். கல்யாணமான புதிதில் அவன் கப்பலேறிய பிறகு அவளுக்கு விக்கும். புருசன் பேரைச் சொல்லக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்ன காலத்திலும் விக்கலுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு என்பதால், சமையற்கட்டிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி ‘பிலவேந்திரன்’ என்று சொல்லுவாள், சட்டென்று நிற்கும், கொழுந்தன்மார் சிரிப்பார்கள். அதெல்லாம் நிலையத்தில் சேர்வதற்கு முன்னால். அப்புறம் அவன் போனில் கூப்பிடும்போதெல்லாம், சாப்பிட்டாயா என்று கேட்டு அடுத்த வார்த்தைக்குப் போவதற்குள், வாசலோ எடையோ சுங்கமோ குறுக்கே வந்து விக்கும். “இருங்க, வேலை வந்துட்டு” என்று வைத்துவிடுவாள். திரும்பக் கூப்பிடும்போது அவன் படகில் ஏறியிருப்பான்.

கடைசியாகப் பேசினபோது, அதுவும் இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், அவன் கேட்டான்: “நான் நெனச்சா மட்டும் உனக்கு விக்காதா, ஜெனோ?”

அன்றைக்கு அவள் காலையிலிருந்து சுங்கத்தோடு மல்லுக்கட்டி ஓய்ந்திருந்தாள். “உங்களுக்கு எங்க லைன் கெடைக்கப்போவுது, எப்பவும் பிஸியால்லா இருக்கு” என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் சரி என்றான். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. மாதம் பிறந்தால் பணம் மட்டும் வந்தது. இவள் அனுப்பிய சேதிகளுக்குப் பக்கத்தில் படித்ததற்கான நீலக்குறி விழுந்தது, பதில் விழவில்லை.

பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறிய வாரம். இறாலும் வெங்காயமும் ஏற்றின லாரிகள் காலையிலேயே வாசலில் சேர்ந்திருந்தன. ஜெனோவாவுக்கு விக்கல் வந்தது. முதல் லாரியில் இருந்த எசக்கிமுத்து ஹாரன் அடித்தான், அது உப்பளத்துக்குப் போயிற்று, எஞ்சின்கள் அணைந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசல் என்றாள், எடை என்றாள், சுங்கம், கிடங்கு, கிரேன், ரசீது, கணக்கு என்றாள். நிற்கவில்லை. மறுபடி சொன்னாள். கணக்கிலிருந்து வாசலுக்குத் திருப்பிச் சொன்னாள். நிற்கவில்லை.

திரையில் எல்லாம் பச்சை. தடுப்புக்கட்டை சொன்னபடி ஏறி இறங்கியது, எடைமேடை சரியாக எடை காட்டியது. ஆனால் விக்கல் பொய் சொல்லாது என்று தெரிந்திருந்ததால், குணசிங் ஓடிக்கொண்டிருந்த அத்தனையையும் நிறுத்தச் சொன்னார். பழுதான பாகம் எது என்று தெரிந்தாலே பயம், தெரியாவிட்டால் அதைவிடப் பயம். ஒவ்வொரு பாகமாக அணைத்து எழுப்பினார்கள். எழுப்பினபோதெல்லாம் அது சுகமாக எழுந்து உட்கார்ந்தது. ஜெனோவாவுக்கு விக்கியது. மென்பொருளை எழுதின ஆட்களைச் சென்னையில் பிடித்து, அதற்குள் தங்களுக்குத் தெரியாத எட்டாவது பாகம் ஏதாவது இருக்கிறதா என்று குணசிங் விசாரித்தார். அவர்கள் சிரித்துவிட்டு, அப்புறம் ஒருவேளை இருக்குமோ என்று பயந்து, தேடிப்பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

வெயில் ஏற ஏற லாரிக்காரர்கள் சன்னலுக்குக் கீழே கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், அவள் திருப்பிச் சொன்னாள். மின்சாரம் என்றாள், ஜெனரேட்டர் என்றாள், கேமரா, சாட்டிலைட், டீசல் என்று எல்லாம் சொன்னாள். ஒருவன் அமைச்சர் என்றான், இன்னொருவன் அவனை அடக்கினான். ஐஸ் உருகின தண்ணீர் இறால் லாரிகளுக்கு அடியில் கோடு கோடாக ஓடியது. குணசிங் அதைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக நடந்தார். அவளுக்கு விலா வலி எடுத்துவிட்டது. ஒவ்வொரு விக்கலுக்கும் தோள் தூக்கிப்போட்டது.

டீ கொண்டுவந்த சம்முவத்தாய்தான் அதைச் சொன்னாள்.

“ஏன், மனுசங்க யாரும் நெனைக்கக் கூடாதா?”

அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. ஜெனோவாவின் விஷயத்தில் மட்டும் அவர்களுக்கு அது மறந்தே போயிருந்தது. அவர்கள் கண்ணுக்கு அவள் தொண்டை நிலையத்தின் ஒரு சாமான், எடைமேடையைப்போல.

பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே மனிதர்களின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மணப்பாட்டு அக்காள், அக்காள் மக்கள், செத்துப்போன சித்தி. குணசிங் தயங்கித் தயங்கி, முதலாளி பேரைச் சொல்லிப் பார்க்கலாம், கொடி ஏறின வாரம், போனஸ் விஷயமாக நினைத்திருக்கக்கூடும் என்றார். சிரிப்புக்கு நடுவே அதையும் சொன்னாள், நிற்கவில்லை. எசக்கிமுத்து முன்னால் வந்து, தன் பேரைச் சொல்லிப்பார்க்கச் சொன்னான்.

“நீ எதுக்குடா மேடத்த நெனைக்க?” என்றார் குணசிங்.

“எப்ப கேட் தெறக்கும்னு நெனைச்சேன் சார். அது நெனப்பு இல்லையா?”

அவன் பேரையும் சொன்னாள். அவன் பேருக்குப் பிறகு நின்றிருந்தவர்கள் எல்லோரும் தத்தம் பேரைக் கொடுத்தார்கள், கோவில்பட்டிக்காரனும் சாத்தான்குளத்துக்காரனும், அவள் பேரைக்கூடக் கேட்டறியாத வடக்கத்தி ஓட்டுநரும். கொஞ்சம் ஏக்கத்தோடுதான் கொடுத்தார்கள் என்று அவளுக்குப் பட்டது. ஒருத்தர் பெயருக்கும் நிற்கவில்லை. சொல்லப்படாத பெயர் ஒன்று இருக்கிறது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

சம்முவத்தாய் அவள் கையைப் பிடித்து, சாலையைக் கடந்து, டீக்கடையின் பின்பக்கம் பால் கேன்கள் கவிழ்த்திருந்த இடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கேன்மேல் உட்காரவைத்தாள்.

“அவுக பேரச் சொல்லிப் பாத்தீயளா?”

“சொல்லல.”

“ஏன்?”

ஜெனோவா விக்கல் போகட்டும் என்று காத்திருந்து சொன்னாள். “சொல்லி நிக்கலன்னா?”

சம்முவத்தாய் அதை யோசித்தாள். இரண்டு மழைக்காலமாக இவள் அந்தப் பெயரை ஒரு விக்கலுக்குக்கூடச் சொல்லிப் பார்க்காமல் தப்பித்து வந்திருக்கிறாள் என்பதும், ஏழு பாகமும் குறுக்கே நின்றதால்தான் அவன் நினைப்பு வந்து சேரவில்லை என்று நம்பிக்கொள்ள அவளுக்கு இதுவரை இடமிருந்தது என்பதும், இன்றைக்கு ஏழும் சுகமாக இருக்கிறபடியால் அந்த இடமும் போய்விட்டது என்பதும் சம்முவத்தாய்க்கு இவ்வளவு வார்த்தையில்லாமலே விளங்கியது.

“நிக்கலன்னா இப்ப இருக்கிற மாதிரியே இருக்கப்போறீய,” என்றாள். “வேற என்ன. டீய குடிச்சிட்டுச் சொல்லுங்க, ஆறுது.”

ஜெனோவா டீயைக் குடிக்கவில்லை. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சாலையின் அந்தப்பக்கம் அத்தனை பேரும் இந்தப்பக்கம் பார்க்காதவர்கள்போல நின்றார்கள். “பிலவே” என்றாள், நடுவில் விக்கியது. பெயர் உடைந்து இரண்டாகக் கிடந்தது. மறுபடி முதலிலிருந்து, உதடு மட்டும் அசைய, முழுசாகச் சொன்னாள்.

நின்றது.

அடுத்த விக்கல் வரவேண்டிய இடத்தில் மூச்சு வந்தது. அதற்கடுத்த இடத்திலும் மூச்சு வந்தது. தம்ளரில் டீ அலையாமல் நின்றது. சம்முவத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் பார்த்துக் கையை அசைத்தாள். எசக்கிமுத்து என்னவாம் என்று சைகையில் கேட்டான். அவள் தாலிக்கொடியைத் தொட்டுக் காட்டினாள். “ஒண்ணுமில்லையாம், சும்மா வீட்டுக்காரராம்” என்றான் அவன் பின்னால் நின்றவனிடம். சும்மா வீட்டுக்காரராம் என்று அவன் அடுத்தவனிடம் சொன்னான். சும்மா வீட்டுக்காரர், பழுது ஒன்றுமில்லை, வண்டியை எடு என்று அது வாய்வழியாக உப்பளம் வரைக்கும் போனது. தூளிகள் அவிழ்ந்தன, அரைவேக்காட்டுச் சோற்றோடு பானைகள் லாரிக்குள் ஏறின, எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உறுமின. குணசிங் தலையில் கைவைத்துச் சிரித்துக்கொண்டே வாசலைத் திறக்க ஓடினார்.

ஜெனோவாவும் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள். ஒரு வாய் டீ குடிக்கிற நேரத்துக்கு அது இருந்தது. இரண்டாவது வாய்க்குத் தூக்கிய தம்ளரைப் பாதியில் நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் சுகமாக இருந்துகொண்டு எதுவும் அவளை நினைத்ததில்லை. பெயரில் விக்கல் நின்றால் அது விழப்போகிறது என்று அர்த்தம், நின்றதும் அவள் எழுந்து ஓடியாக வேண்டும், அதுதான் வேலை. பெயர் சொல்லி நிறுத்தியதோடு ஒருநாளும் அவள் உட்கார்ந்திருந்ததில்லை.

தம்ளரைக் கேன்மேல் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். தூரதேசத்து மணி, நம்மூர் மணிபோல இல்லாமல் நீளமாக, இடைவெளி விட்டு அடித்தது. அடித்து நின்றது. மறுபடி போட்டாள்.

மூன்றாவது மணியில் அவளுக்கு விக்கியது.

இது பழைய விக்கல், வறண்டது, அவசரமில்லாதது. ஏழில் ஒன்று. காலையிலிருந்து அணைத்து எழுப்பின கோபமாக இருக்கலாம். இன்னொன்று வந்தது, தோள் தூக்கியது. சாலையின் எதிரே வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்த எசக்கிமுத்து அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினான். குணசிங் ஓடிவந்தார், வரும்போதே எது, எது என்று விரலை மடக்கி மடக்கிக் கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசல் என்று சொல்லவில்லை, எடை என்று சொல்லவில்லை.

போன் எடுக்கப்பட்டது. அந்தப் பக்கம் காற்று இல்லை, படகின் எஞ்சின் இல்லை, தண்ணீர் இல்லை. ஏதோ கட்டடத்துக்குள் இருந்து, மெதுவாக, “ஜெனோ?” என்றான்.

அவள் பதில் சொல்ல வாய் திறந்ததும் விக்கியது. அவனுக்குக் கேட்டது.

“வேலை வந்துட்டா? போ, போய்ப் பாரு. ஒண்ணுமில்ல. நான் நல்லாத்தான் இருக்கேன். சும்மா உன்ன நெனச்சிட்டுக் கெடந்தேன்.”

வாசலில் தடுப்புக்கட்டை எசக்கிமுத்துவின் லாரிக்கு மேலே பாதியில் நின்றது. குணசிங் கைகூப்பினார், நிஜமாகவே கூப்பினார். முதல் ஹாரன் நீளமாக எழுந்தது, இரண்டாவது அதை வாங்கியது, மூன்றாவது, நாலாவது என்று அது உப்பளத்தை நோக்கிப் போக, அதன் பின்னாலேயே எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சம்முவத்தாய் குறுக்கே வந்து, குணசிங்குக்கும் கேனுக்கும் நடுவே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டாள்.

ஜெனோவா விக்கலை விழுங்கினாள். அடுத்தது வருவதற்குள் ஒரு மூச்சு நேரம் இருந்தது. எத்தனையோ வருஷமாகப் பச்சையாக இருக்கிற திரையை நம்பாமலிருக்கப் பழகிய குரலில், மெதுவாக, அவசரப்படாமல் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கேன்னு எல்லாந்தான் சொல்லுது, விழுறதுக்கு முந்தி. எங்க கெடக்கீய? மொதல்ல இருந்து சொல்லுங்க.”

அவளுக்கு விக்கியது. பேச்சை முறிக்காமல், அது முடியட்டும் என்று அவன் காத்திருந்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான். லாரிக்காரர்கள் அவிழ்த்த தூளிகளை மறுபடி கட்டி, அரைவேக்காட்டுச் சோற்றை மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள். ஹாரன் இன்னும் எட்டியிராத கடைசி லாரி மட்டும், தூரத்தில், காரணம் தெரியாமல் எஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தது.